ஏரி பச்சையாகிவிட்டது: எந்த வழிக்குப் பணம் ஒதுக்குவது?

கோடை முற்றும்போது ஏரி பச்சையாகிறது. காற்று ஒதுக்கிய கரையில் பாசி ஆடையாகத் திரண்டு நாறுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறுகின்றன. அந்தத் தண்ணீரைக் குடித்த நாயோ மாடோ செத்துவிட்டால் "ஏதாவது செய்யுங்கள்" என்ற நெருக்கடி தொடங்கிவிடும். ஏரிக்குப் பொறுப்பானவர்களிடம் விலைப்புள்ளிகள் குவியும். ஒருவர் மருந்து அடிக்கலாம் என்பார். ஒருவர் காற்றூட்டும் கருவி வைக்கலாம் என்பார். தூர்வாரினால்தான் தீரும் என்பார் மூன்றாமவர். நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் போதும் என்பார் இன்னொருவர். எல்லோரிடமும் முன்பும் பின்பும் எடுத்த படங்கள் இருக்கும்.

இந்த முறைகளில் பல ஏதோ ஓர் ஏரியில் உண்மையிலேயே பலித்தவைதான். அதே முறை வேறோர் ஏரியில் பணத்தையும் சில ஆண்டுகளையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தராமல் போயிருக்கிறது. எது எங்கே பலிக்கும் என்பதை அந்த ஏரியின் பாஸ்பரஸ் கணக்குதான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல் எந்த விலைப்புள்ளியிலும் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்திலிருந்துதான் கிளம்புகிறது.

பாஸ்பரஸ் கணக்கு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு, அங்கே 226 என்ற எண் கொண்ட ஏரியின் குறுக்கே திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் அந்த ஆண்டிலேயே பச்சையானது. வானிலிருந்து எடுத்த படத்தில் திரைக்கு இந்தப் பக்கம் தெளிநீர், அந்தப் பக்கம் பாசி. சலவைத்தூளில் பாஸ்பேட் இருக்கலாமா என்று அப்போது நடந்துகொண்டிருந்த விவாதத்துக்கு அந்த ஒரு படம் பெரிய வலுவைச் சேர்த்தது.

ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏறக்குறைய 500 கிலோ ஈரப் பாசியை வளர்க்கக் கூடியது. மனிதக் கழிவில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் இருக்கிறது. அப்படியானால் ஆயிரம் பேரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் விழுந்தால் ஓர் ஆண்டில் அரை டன்னுக்கும் மேல் பாஸ்பரஸ் சேரும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மிதக்கும் தாவரப் படுகைகளைப் பற்றிப் பேசும்போது உதவும்.

நைட்ரஜன் முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். நஞ்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசிகளில் மிகப் பரவலான மைக்ரோசிஸ்டிஸ், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் திறன் இல்லாதது. அதன் நஞ்சான மைக்ரோசிஸ்டின் மூலக்கூறில் நைட்ரஜன் நிறைய இருக்கிறது. அதனால் சீனாவின் தாய்ஹு, வட அமெரிக்காவின் எரி போன்ற ஏரிகளில் இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று வாதிடும் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாஸ்பரஸை அப்படியே விட்டுவிட்டு நைட்ரஜனை மட்டும் குறைத்தால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கத் தெரிந்த வேறு நீலப்பச்சைப் பாசிகள் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆகவே எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு விடை பாஸ்பரஸ்தான்.

கணக்கில் இரண்டு பகுதிகள். ஒன்று வரவு: ஓடை, வாய்க்கால், கழிவுநீர்க் குழாய், வயல் வடிகால் வழியாக ஆண்டுதோறும் புதிதாக உள்ளே வருவது. இன்னொன்று இருப்பு: பல பத்தாண்டுகளாக வந்து அடிச்சேற்றில் படிந்து கிடப்பது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும்போது, சேற்றிலுள்ள இரும்பு தான் பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸை விட்டுவிடுகிறது. அது மேலே வந்து பாசிக்கு உணவாகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராத கோடையில்கூட ஏரி பச்சையாவதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஷகாவா என்ற ஏரி இதற்குத் தெளிவான சான்று. 1973-இல் ஈலி நகரத்தின் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. வெளி வரவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கோடைப் பாசி எதிர்பார்த்தபடி மறையவில்லை. சேற்றின் இருப்பு அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. வரவைக் குறைத்த 35 ஏரிகளை ஒப்பிட்டு 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஏரி புதிய நிலைக்கு வந்து சேரப் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆவதாகக் காட்டியது. இந்தக் காத்திருப்பைப் பொதுமக்களிடம் முன்கூட்டியே சொல்லாமல்தான் பல நல்ல திட்டங்கள் கெட்ட பெயர் வாங்கின.

கணக்குப் போட ஓர் ஆண்டு தேவை. உள்ளே வரும் ஒவ்வொரு வாய்க்காலிலும் நீரின் அளவையும் அதிலுள்ள பாஸ்பரஸையும் அளக்க வேண்டும். மழை நாட்களில் கட்டாயம் அளக்க வேண்டும், ஏனென்றால் ஆண்டு வரவின் பெரும்பகுதி ஒருசில பெருமழைகளிலேயே வந்துவிடக் கூடியது. மாதம் ஒருமுறை வெயில் நாளில் போய் மாதிரி எடுத்தால் அந்த மழைகள் கணக்கிலேயே வராது. ஏரியின் ஆழமான இடத்தில் மேலிருந்து அடிவரை வெப்பநிலையும் ஆக்சிஜனும், அடிநீரிலும் சேற்றிலும் பாஸ்பரஸும் அளக்கப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, பிறகு செய்யப்போகும் வேலையின் செலவில் ஒரு சிறு பங்குதான்.

வரவைத் தடுப்பது

வெற்றிக் கதைகளில் முதலிடம் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்கு. 1955-இல் அங்கே சிவப்பும் பழுப்புமான ஒரு நீலப்பச்சைப் பாசியைக் கண்டதும், ஏரி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று உயிரியலாளர் டபிள்யூ. டி. எட்மண்ட்சன் எச்சரித்தார். 1958-இல் மக்கள் வாக்களித்துப் புதிய கழிவுநீர் அமைப்பை உருவாக்கினார்கள். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீர் முழுவதும் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 1960-களின் நடுவில் ஒரு மீட்டர் ஆழம்வரைதான் கண்ணுக்குத் தெரிந்த நீர், 1970-களின் தொடக்கத்தில் மூன்று மீட்டருக்குத் தெளிந்தது. 1976-க்குப் பிறகு பாசியை வடிகட்டித் தின்னும் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் விலங்கு பெருகியதில் தெளிவு இன்னும் ஆழத்துக்குப் போனது.

இந்தக் கதையை எடுத்துக்காட்டி "கழிவுநீரை நிறுத்துங்கள், ஏரி தானே குணமாகும்" என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அது ஆழமான ஏரி. சராசரி ஆழமே முப்பது மீட்டருக்கு மேல். நீர் சுமார் இரண்டரை ஆண்டில் முழுதாக மாறிவிடும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நிலை வரவே இல்லை. அதாவது இருப்பு தொல்லை தரவில்லை. வரவும் குழாய்களின் வழியாகவே வந்தது. குழாயைத் திருப்பினால் தீர்ந்தது.

எரி ஏரியில் நடந்தது வேறு. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் செய்து, கழிவுநீர் ஆலைகளை மேம்படுத்தி, சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தின. 1980-களில் ஏரி மீண்டது. 1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்பியது. இம்முறை மூலம் வயல்கள். மாமி ஆற்றின் வழியாக வரும் கரைந்த பாஸ்பரஸ் கூடிக்கொண்டே போனது. மண்ணரிப்பைக் குறைக்க உழாமல் விதைக்கும் முறையை விவசாயிகள் கைக்கொண்டபோது, மேலே தூவிய உரம் மேல்மண்ணிலேயே தங்கி, நிலத்தடி வடிகால் குழாய்கள் வழியாகக் கரைந்து வெளியேறியதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மண்ணைக் காக்கச் செய்த நல்ல வேலை தண்ணீருக்கு வினையானது மனதைச் சங்கடப்படுத்தும் செய்தி. 2014 ஆகஸ்ட்டில் எரி ஏரியின் நீரைக் குடிக்கும் டொலிடோ நகரில், பாசி நஞ்சால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இரண்டு நாளுக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. 2016-இல் இரு நாடுகளும் பாஸ்பரஸ் வரவை 2008-இன் அளவிலிருந்து 40 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தன.

குழாய் வழியே வரும் பாஸ்பரஸைத் தடுக்கச் சட்டமும் பணமும் போதும். வயலிலிருந்து வருவதைத் தடுக்க ஆயிரக்கணக்கான நில உரிமையாளர்களின் பழக்கம் மாற வேண்டும். மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் உரம் இடாமை, மழைக்கு முன்பு உரம் தூவாமை, உரத்தை மண்ணுக்குள் செலுத்துதல், வாய்க்கால் ஓரம் செடி வரிசை, நீர் ஏரிக்குள் நுழையும் முன் தங்கிச் செல்லும் நாணல் குட்டை ஆகியவை எல்லாம் உதவும். ஆனால் செடி வரிசை மண்ணோடு வரும் பாஸ்பரஸைத் தடுக்கும் அளவுக்குக் கரைந்து வருவதைத் தடுக்காது. எது வருகிறது என்று தெரிந்துகொண்டு பணம் போட வேண்டும்.

இந்த வழி மெதுவானது, அரசியல் சிக்கல் நிறைந்தது, திறப்புவிழா நடத்த ஏற்றதும் அல்ல. ஆனாலும் மற்ற எல்லா வழிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. வரவு நிற்காத ஏரியில் இருப்பைக் கையாள்வது ஒவ்வொரு சில ஆண்டுக்கும் திரும்பச் செய்ய வேண்டிய செலவாகிவிடும்.

மருந்தடித்துக் கொல்வது

மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட், பாசிக்கு எதிராக 1904-லிருந்தே அமெரிக்காவில் பயன்படுகிறது. விலை குறைவு. சில நாட்களில் நீர் தெளியும். பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது தரும் நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனாலும் எல்லா வழிகளிலும் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

காரணம் ஆஸ்திரேலியாவின் பாம் தீவு. 1979-இல் அங்கே குடிநீர் அணையில் பாசி பெருகி, நீர் நாற்றமடிக்கிறது என்று மக்கள் புகார் சொன்னார்கள். காப்பர் சல்பேட் இட்டார்கள். அடுத்து வந்த நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கல்லீரல் வீங்கியது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, ரத்தம் கலந்து வயிற்றுப்போக்கு. முதலில் அதை மர்ம நோய் என்றே அழைத்தார்கள். செத்த பாசியின் செல்கள் உடைந்து அதுவரை உள்ளே இருந்த நஞ்சு தண்ணீரில் கலந்ததுதான் காரணம் என்று பின்னால் நடந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. உயிரோடிருக்கும் பாசியின் செல்லுக்குள் இருக்கும் நஞ்சை வடிகட்டியில் செல்லோடு சேர்த்துப் பிடித்துவிட முடியும். நீரில் கரைந்த நஞ்சை மணல் வடிகட்டி பிடிக்காது.

நஞ்சு இல்லாத இடத்திலும் கணக்கு சரிவரவில்லை. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். அதிலிருந்த பாஸ்பரஸ் அப்படியே நீருக்குத் திரும்பி அடுத்த பாசியை வளர்க்கும். செம்பு மட்டும் சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். மின்னசோட்டாவின் ஃபேர்மான்ட் ஏரிகளில் 58 ஆண்டுகள் காப்பர் சல்பேட் இட்டதன் விளைவுகளை ஆராய்ந்து 1984-இல் ஓர் ஆய்வு வந்தது. சேற்றில் செம்புக் குவியல், ஆக்சிஜன் குறைவு, மீன் சாவு, செம்பைத் தாங்கும் நீலப்பச்சைப் பாசிகளின் ஆதிக்கம். 58 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏரிகளில் பாசி இருந்தது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இதைவிட மேலானது. அது நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடுவதால் எச்சம் விடாது. நீலப்பச்சைப் பாசிகள் மற்ற பாசிகளைவிட அதற்கு எளிதில் பலியாகும். 2009-இல் நெதர்லாந்தின் கூட்ஸ்ஹவுஸ் ஏரியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் சீராகக் கலந்தபோது, சில நாட்களில் நீலப்பச்சைப் பாசி 99 சதவீதம் குறைந்து, ஏறக்குறைய ஏழு வாரங்கள் தலைதூக்காமல் இருந்தது. ஏழு வாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நீச்சல் போட்டியையோ ஒரு பருவத்தையோ காப்பாற்ற அது போதும். பாஸ்பரஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏரி முழுக்க ஒரே செறிவில் கலக்க வேண்டிய வேலை என்பதால் பெரிய ஏரிகளுக்கு ஒத்துவராது.

இருப்பைப் பூட்டுவது

வரவு குறைந்தும் ஏரி தெளியாவிட்டால் சேற்றிலுள்ள பாஸ்பரஸை வெளியே வரவிடாமல் பிணைப்பதுதான் அடுத்த வழி. இதற்கு இரண்டு பொருட்கள் அதிகம் பயன்படுகின்றன: அலுமினியம் சல்பேட், லாந்தனம் என்ற உலோகத்தை ஏற்றிய களிமண். இரும்பு ஆக்சிஜன் போனதும் பாஸ்பரஸைக் கைவிடும். அலுமினியமும் லாந்தனமும் ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் பிடியை விடுவதில்லை. இவற்றின் மதிப்பு அங்கேதான்.

அலுமினியம் சல்பேட்டுக்குத்தான் நீண்ட அனுபவம் இருக்கிறது. 114 ஏரிகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஆய்வின்படி அதன் பலன் சராசரியாக 11 ஆண்டுகள் நீடிக்கிறது. வெப்ப அடுக்குகள் உருவாகும் ஆழமான ஏரிகளில் சராசரி 21 ஆண்டுகள். காற்றடித்தால் அடிவரை கலங்கும் ஆழமற்ற ஏரிகளில் 6 ஆண்டுக்கும் குறைவு. விலைப்புள்ளியில் "இருபது ஆண்டு பலன்" என்று எழுதியிருந்தால் உங்கள் ஏரி இதில் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

இட வேண்டிய அளவைத் தீர்மானிப்பது ஏரியின் பரப்பு அல்ல, சேற்றில் வெளியேறத் தயாராக இருக்கும் பாஸ்பரஸின் எடை. ஒரு கிலோ பாஸ்பரஸுக்குப் பத்து கிலோ அலுமினியம் என்பது நடைமுறையில் வழங்கும் தோராயம். அலுமினியம் சல்பேட் உப்பாகக் கணக்கிட்டால் நூறு கிலோவைத் தாண்டும். லாந்தனக் களிமண்ணும் ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு நூறு கிலோ வேண்டும். எடையில் இரண்டும் ஏறக்குறைய சமம், விலையில் களிமண் பல மடங்கு.

அப்படியிருந்தும் களிமண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அலுமினியம் சல்பேட் நீரை அமிலமாக்கும். காரத்தன்மை குறைந்த நீரில் பிஎச் (அமில-கார அளவு) 6-க்குக் கீழே இறங்கினால் கரைந்த அலுமினியம் மீன்களைக் கொல்லும். அதைத் தடுக்கச் சோடியம் அலுமினேட் போன்ற ஒன்றைச் சேர்த்துச் சமன்செய்ய வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் பிஎச் பார்த்துக்கொண்டே இட வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. பாசி உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் நீரின் பிஎச் 9-ஐத் தாண்டும். அப்போது இட்டால் அலுமினியம் திரளாமல் கரைந்தே கிடக்கும், காசு வீண். பாசி தோன்றும் முன்பே இட்டுவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் மக்கள் கூச்சலிடுவது பாசி வந்த பிறகுதான், பணம் ஒதுக்கப்படுவதும் அப்போதுதான். இந்த முரணை அறிந்து ஒரு பருவம் பொறுத்திருக்கத் துணியும் குழுவே நல்ல பலனைப் பெறும்.

நெதர்லாந்தின் ராவ்பிராகன் ஏரியில் 2008-இல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். முதலில் சிறிதளவு அலுமினியத் திரட்டியால் மிதந்த பாசியைத் திரட்டி அடிக்கு இறக்கி, அதன்மேல் லாந்தனக் களிமண்ணைப் போர்த்தினார்கள். வெளி வரவு சிறிதாக இருந்த அந்த ஏரி பல ஆண்டுகள் தெளிவாகவே நின்றது.

தூர்வாருதல்

இருப்பை உண்மையிலேயே வெளியே எடுப்பது இது ஒன்றுதான். ஸ்வீடனின் வேக்ஷோ நகரில் உள்ள ட்ரும்மன் ஏரியில் கழிவுநீரை 1950-களின் இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பத்தாண்டுகள் காத்தும் ஏரி தெளியவில்லை. 1970-லும் 1971-லும் ஆண்டுக்கு அரை மீட்டராக ஒரு மீட்டர் மேல்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். பாஸ்பரஸும் பாசியும் வெகுவாகக் குறைந்தன. சேற்றோடு வந்த நீரைக் குட்டைகளில் தேக்கி, அலுமினியம் சல்பேட்டால் பாஸ்பரஸை நீக்கிய பிறகே ஏரிக்குத் திருப்பினார்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பல தூர்வாரும் திட்டங்கள் மிச்சம்பிடிக்கின்றன. அப்போது சேற்றிலிருந்து எடுத்த பாஸ்பரஸ் வடிநீராக ஏரிக்கே திரும்பிவிடும்.

எல்லா வழிகளிலும் இதுவே அதிகச் செலவு பிடிப்பது. சேற்றைக் கொட்ட இடம் வேண்டும், அதில் கன உலோகங்கள் இருந்தால் கொட்டவும் முடியாது. எத்தனை ஆழத்தில் பாஸ்பரஸ் செறிவு குறைகிறது என்று சேற்றில் குழாய் இறக்கி எடுத்த மாதிரித் தண்டை வெட்டிப் பார்க்காமல் தோண்டினால், அடியிலிருந்த இன்னும் வளமான அடுக்கு வெளிப்பட்டு நிலைமை மோசமாகலாம். ஏரியின் கொள்ளளவையும் கூட்ட வேண்டியிருந்தால் தூர்வாருங்கள். பாசிக்காக மட்டும் என்றால் முதலில் பிணைப்பதற்கான விலையோடு ஒப்பிடுங்கள்.

காற்றூட்டுவதும் கலக்குவதும்

விற்பனையில் இவை இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. வேலையோ வேறு வேறு. அடிநீருக்கு ஆக்சிஜன் கொடுத்து, இரும்பு பாஸ்பரஸை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்வது ஒன்று. நீரை மேலும் கீழுமாகக் கலக்கி, மிதந்து வெளிச்சம் பிடிக்கும் பாசியை இருட்டுக்குள் இழுத்துச் செல்வது மற்றொன்று.

முதலாவதற்கு ஸ்விட்சர்லாந்தின் செம்பாக், பால்டெக் ஏரிகள் பெரிய பாடம். 1980-களின் முதற்பாதியில் தொடங்கி இரண்டு ஏரிகளிலும் அடிநீருக்கு ஆக்சிஜன் செலுத்தினார்கள். பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 1998-இல் வெளிவந்த முடிவு, சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளியேறுவதில் மாற்றம் எதுவும் இல்லை என்றது. ஆக்சிஜன் நீரில் இருந்தது, சேற்றின் உள்ளே எட்டவில்லை. மீன்களுக்கு அடிநீரில் இடம் கிடைத்தது நன்மைதான். பாசிக்கான மருந்தாக அது அமையவில்லை.

கலக்கும் முறை ஆம்ஸ்டர்டாமின் நியூவே மேர் ஏரியில் 1993 முதல் பலித்தது. முப்பது மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் குறைந்து வேறு பாசிகள் வந்தன. ஆழம் இருந்ததால்தான் பாசியை இருட்டில் வைத்திருக்க முடிந்தது. மூன்று மீட்டர் ஏரியில் கலக்கினால் சேறுதான் எழும்பும். ஏரிக்குப் போதாத சிறு கருவி வைப்பது இன்னும் கெடுதல்: அடிநீரை வெப்பமாக்கி, அதிலுள்ள பாஸ்பரஸை மேலே கொண்டுவந்து பாசிக்கு ஊட்டும். இத்துடன் மின்கட்டணம் என்றைக்கும் நிற்காது. இயந்திரத்தை நிறுத்திய கோடையில் பாசி திரும்பிவரும்.

மீனும் செடியும்

ஆழமற்ற ஏரிகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் அடியில் நீர்ச்செடிகள் அடர்ந்து, நீர் தெளிந்திருக்கும். மற்றதில் செடிகள் இல்லை, நீர் கலங்கிப் பச்சையாக இருக்கும். இரண்டும் தம்மைத் தாமே தக்கவைத்துக்கொள்பவை. சேற்றைக் கிளறி இரை தேடும் கெண்டை இன மீன்களும், டாஃப்னியாவைத் தின்னும் சிறு மீன்களும் ஏரியைப் பச்சை நிலையில் பிடித்துவைக்கின்றன. அவற்றைப் பெருமளவில் அகற்றினால் ஏரி தெளிந்த நிலைக்குப் புரளலாம். பின்லாந்தின் வெசியார்வி ஏரியில் 1976-இல் கழிவுநீரை நிறுத்தியும் பாசி போகவில்லை. 1989 முதல் 1993 வரை சிறு மீன்களைப் பெருமளவில் பிடித்து அகற்றிய பிறகே நீலப்பச்சைப் பாசி அடங்கியது.

இதற்கு நிபந்தனைகள் கடுமையானவை. ஓரிரு ஆண்டுகளுக்குள் அந்த மீன்களில் முக்கால்வாசியாவது போக வேண்டும். அரைகுறையாகப் பிடித்தால் மிஞ்சியவை அதிகமாகக் குஞ்சு பொரித்து ஈடுகட்டிவிடும். நீரில் மொத்தப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் தெளிவு நிலைக்காது. வெப்ப நாடுகளில் சிறு மீன்கள் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்வதால் அங்கே இந்த முறை பலிப்பது அரிது. "செடியைத் தின்னும்" என்று புல் கெண்டையை விடுவது தெளிந்த ஏரியைப் பச்சையாக்கும் நிச்சயமான வழிகளில் ஒன்று. நீர்ச்செடியைத் தொல்லையாகப் பார்க்கும் மனநிலை மாறினால் பல ஏரிகள் பிழைக்கும்.

மிதக்கும் தாவரப் படுகைகள் பார்க்க அழகு, பறவைகளுக்கும் குஞ்சு மீன்களுக்கும் நல்லது. பாஸ்பரஸை எடுப்பதில் அவற்றின் பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டன் பச்சைச் செடியை வெட்டி வெளியேற்றினால் கால் கிலோ அளவுக்குத்தான் பாஸ்பரஸ் வெளியேறும். ஆயிரம் பேரின் கழிவிலிருந்து வரும் அரை டன்னை ஈடுகட்ட ஆண்டுக்கு இரண்டாயிரம் டன் செடி அறுக்க வேண்டும்.

நுண்ணுயிர்க் கரைசல்கள், நுண்ணுயிர் கலந்த மண் உருண்டைகள், கேளா ஒலிக் கருவிகள் ஆகியவற்றுக்கு நான் பணம் ஒதுக்க மாட்டேன். கட்டுப்படுத்திய சோதனைகளில் அவை பொதுவாக ஏமாற்றமே தந்திருக்கின்றன. பாஸ்பரஸ் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை.

அப்படியானால் எதை எடுப்பது?

குடிநீர் எடுக்கும் ஏரி என்றால் முதல் பணம் ஏரிக்கு அல்ல, சுத்திகரிப்பு நிலையத்துக்கு. 2007-இல் தாய்ஹு ஏரிக்கரையின் வூஷி நகரில் இருபது லட்சம் பேர் சுமார் ஒரு வாரம் குழாய் நீரின்றி இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் நஞ்சுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவை வைத்திருக்கிறது. நீரைக் கொதிக்க வைப்பது இந்த நஞ்சை அழிக்காது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். நீரெடுக்கும் ஆழத்தை மாற்ற வழி, கரைந்த நஞ்சைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரி, வாரந்தோறும் பாசிச் செல் எண்ணிக்கை என்ற இம்மூன்றும் தயாராக இருக்க வேண்டும். பாசி அடர்ந்திருக்கும்போது ஏரியில் காப்பர் சல்பேட் இடவே கூடாது. வடிகட்டுவதற்கு முன் குளோரின் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும், அதுவும் செல்களை உடைக்கும்.

குடிநீர் எடுக்காத ஏரி, வரவு கணக்கின் பெரும்பகுதி என்றால்: பணம் முழுவதும் வாய்க்காலுக்கும் கழிவுநீருக்கும் வயலுக்கும் போகட்டும். ஏரிக்குள் எதுவும் வாங்காதீர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கரையில் எச்சரிக்கைப் பலகையும், பாசி ஆடை மிதக்கும் நாட்களில் குளிக்கத் தடையும் போதும். சிறிய ஏரியாக இருந்து ஒரு பருவத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமென்றால் பெராக்சைடு.

வரவு ஏற்கெனவே குறைந்து, இருப்பே தொல்லை, ஏரியும் ஆழம் என்றால்: காரத்தன்மை போதுமானால் அலுமினியம் சல்பேட், போதாவிட்டால் சமன்செய்து இடுவதற்கும் லாந்தனக் களிமண்ணுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். இந்த வகை ஏரிகளில் செலவுக்கு இவ்வளவு பலன் தரும் வழி வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆழமற்ற ஏரி, இருப்பே தொல்லை என்றால் முடிவு கடினம். பிணைக்கும் பொருளின் ஆயுள் குறைவு, தூர்வாரச் செலவு அதிகம். மொத்தப் பாஸ்பரஸை 100 மைக்ரோகிராமுக்குக் கீழே கொண்டுவரும் அளவுக்குப் பிணைத்துவிட்டு, குளிர்ந்த நாடாக இருந்தால் அந்த இடைவெளியில் மீனை அகற்றிச் செடிகளை வேர்பிடிக்கச் செய்வது என இரண்டையும் இணைத்துச் செய்வதையே நான் விரும்புவேன். செடி நிலைத்துவிட்டால் பிணைப்பு தளர்ந்த பிறகும் ஏரி தெளிவாக நிற்க வாய்ப்பு உண்டு. வெப்ப நாட்டில் மீன் வழியை நம்பாமல், பணம் சேரும்வரை வரவை இன்னும் குறைப்பதில் செலவிட்டு, பிறகு தூர்வாருங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் "பாசி குறையும்" என்ற வாக்கியத்தை ஏற்காதீர்கள். பாசி மழையாலும் குறையும், காற்றாலும் ஒதுங்கும். மொத்தப் பாஸ்பரஸ், கோடையில் அடிநீரின் பாஸ்பரஸ், நீருக்குள் இறக்கும் வெள்ளைத் தட்டு எத்தனை மீட்டர் ஆழம் வரை தெரிகிறது என்ற மூன்று அளவுகளை வேலைக்கு முந்தைய ஆண்டிலும் பிந்தைய மூன்று ஆண்டுகளிலும் அதே மாதங்களில் எடுக்கச் சொல்லி, கடைசித் தவணைப் பணத்தை அவற்றோடு கட்டுங்கள். அளவெடுப்பதற்கான தொகையைத் தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். வேலை செய்பவரும் அளப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.